விடை சொல்லாத ஆசிரியர்கள்

திருப்பதியில் கோடை என்பது கூட்டத்தின் காலம். மலையேறும் அடியார் கூட்டம் ஒருபுறம். பயிற்சி நிலையங்களின் வாயிலில் நிற்கும் பெற்றோர் கூட்டம் மறுபுறம். கபில தீர்த்தத்துப் பாறைகள் அனலாய்க் காயும் அந்நாள்களில், இன்டர்மீடியட் முடித்த பிள்ளைகள் காலை ஆறு மணிக்கே புத்தகப் பையுடன் தெருவில் நடப்பதைக் காணலாம். முன்பு எம்செட் என்றும் 2021 முதல் ஈஏபிசெட் என்றும் வழங்கும் பொறியியல் நுழைவுத் தேர்வுக்கான ஓட்டம் அது. அந்நிலையங்களில் கற்பிப்போரை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரு வினாவுக்கு ஒரு நிமிடத்தில் விடை காணும் வித்தை எளிதானதன்று. அதனைப் பிறர்க்குப் பழக்குவது அதனினும் அரிது. நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் அவ்வாசிரியர்களால்தான் நல்ல நிலையை எய்தியுள்ளனர்.

ஆயினும், கோடையில் கற்பிக்கும் ஆசிரியர்களில் வேறொரு வகையினரும் உள்ளனர். அவர்களைப் பற்றி நம்மவரிடையே அதிகம் பேசப்படுவதில்லை. நம் மகள் வாயிலாக அவர்களை அறியும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. கணிதத்தில் நமக்கு உள்ள புலமை சம்பளப் பட்டியலோடு முடிந்துவிடும். நாம் பயின்றது பி.ஏ. வரலாறு. எனினும் ஆசிரியரைப் பற்றி எழுதக் கணிதம் தேவையில்லை என்னும் துணிவில் இதனை எழுதுகிறோம்.

1993ஆம் ஆண்டு, அப்போது பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் எஸ். குமரேசன் அவர்கள் ஒரு கோடைத் திட்டத்தைத் தொடங்கினார். பின்னாளில் ஐதராபாத் பல்கலைக்கழகத்திலும் பணிபுரிந்த அவருடைய அத்திட்டத்தின் பெயரைத் தமிழில் 'கணிதப் பயிற்சி மற்றும் திறன் தேடல்' எனலாம். மாணவர் வழக்கில் எம்.டி.டி.எஸ். கல்லூரியில் கணிதம் பயிலும் மாணவர்களை நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தேர்ந்தெடுத்து, நான்கு வாரம் ஓரிடத்தில் தங்க வைத்துக் கற்பிப்பது அதன் முறை. இளங்கலை இரண்டாம் ஆண்டினர், மூன்றாம் ஆண்டினர், முதுகலை முதலாம் ஆண்டினர் என மூன்று நிலைகள். அணுசக்தித் துறையின் கீழ் 1983இல் அமைக்கப்பட்ட தேசிய உயர்கணித வாரியம் அதற்குப் பொருளுதவி அளித்து வந்தது. அணுசக்தித் துறையின் பணம் அணுவுக்கு மட்டுமே செல்வதாக எண்ணியிருந்த நமக்கு இச்செய்தி வியப்பளித்தது. மத்திய அரசு ஊழியர்தாம் மத்திய அரசைப் பற்றி மிகக் குறைவாக அறிந்தவர் என்று நம் அலுவலகத் தோழர் ஒருவர் கூறுவதுண்டு.

அங்குக் கற்பிப்போர் அதற்கென நியமனம் பெற்றவர் அல்லர். ஐ.ஐ.டி.களிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும், தத்தம் கோடை விடுமுறையில் வந்து கற்பித்துச் செல்வோர். இத்தகைய முகாமுக்கு 2019ஆம் ஆண்டுக் கோடையில் நம் மகள் சென்றாள்.

அவள் பத்தாம் வகுப்பு வரை மட்டுமன்றி இன்டர்மீடியட்டும் தெலுங்கு வழியிலேயே பயின்றவள். வீட்டில் தமிழ், வீதியில் தெலுங்கு, பட்டப்படிப்பில் ஆங்கிலம் என மும்மொழிக்கும் நடுவில் வளரும் நம் பிள்ளைகள் பலரைப் போல, வகுப்பில் வாய் திறவாமல் இருப்பதே பாதுகாப்பு என்று பழகியவள். மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை. நிறுவல்களைக் காற்புள்ளி, அரைப்புள்ளி உட்பட மனப்பாடம் செய்து எழுதிவிடுவாள். அவளுடைய கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் விண்ணப்பத் தாளைத் தாமே கொணர்ந்து, பரிந்துரைக் கடிதமும் எழுதித் தந்தார்.

வீட்டில் உடன்பாடு எளிதில் ஏற்படவில்லை. சித்தூரிலிருந்து வந்த நம் மைத்துனர், "மாமா, கணக்குப் படித்து என்ன செய்யப் போகிறாள்? இந்தக் கோடையிலேயே வங்கித் தேர்வுப் பயிற்சியில் சேர்த்துவிடுங்கள். பட்டம் கைக்கு வரும்போது வேலையும் கைக்கு வரும்" என்றார். அவர் கூற்றில் நியாயம் இருந்தது. எழுத்தர் வருவாயில் வீட்டுக் கடன் செலுத்தி, இளையவனையும் படிக்க வைக்க வேண்டிய குடும்பம் நம்முடையது. இல்லத்தரசியாரோ, பெண்பிள்ளை ஒரு மாதம் தனியே தொலைவில் தங்குவதை எண்ணிக் கலங்கினார். இறுதியில் அவரே, "போகட்டும். வங்கி எங்கும் ஓடிவிடாது" என்று முடிவு கூறினார். ரேணிகுண்டாவில் இரயிலேற்றி அனுப்பினோம்.

மூன்றாம் நாள் இரவு தொலைபேசியில் அழுகை. "அப்பா, இங்கே யாரும் பாடமே நடத்துவதில்லை. கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பதில் தெரியவில்லை என்றால் இன்னொரு கேள்வி கேட்கிறார்கள். எனக்கு ஒன்றுமே தெரியாது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. என்னை அழைத்துக்கொண்டு போய்விடுங்கள்."

நடந்தது இதுதான். 'எல்லை' என்னும் கருத்தின் வரையறையை ஆசிரியர் கேட்டிருக்கிறார். இவள் எழுந்து ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்பித்திருக்கிறாள். அவர் பாராட்டவில்லை. கரும்பலகையில் சுழி, புள்ளி, ஒன்பது, ஒன்பது, ஒன்பது என எழுதி, "இது முடிவின்றி நீள்கிறது. இது ஒன்றைவிடச் சிறியதா?" என்றாராம். வகுப்பு முழுவதும் சிறியதே என்றது. "எவ்வளவு சிறியது?" என்றார். "மிகச் சிறிதளவு" என்றான் ஒரு மாணவன். "அந்தச் சிறிதளவை எழுதிக் காட்டு" என்று சுண்ணக்கட்டியை அவனிடம் நீட்டினாராம். அவன் விழித்தான்; இவளிடம் நீட்டினார்; இவளும் விழித்தாள். மணி அடித்தது. விடை கூறாமலேயே ஆசிரியர் வெளியேறிவிட்டார். மறுநாளும் அதே வினா!

(தெலுங்கில் இந்த 'எல்லை'க்கு 'அவதி' என்று பெயர். இன்டர்மீடியட்டில் அப்பாடம் தொடங்கிய நாளில், "அப்பா, இன்றைக்கு அவதி ஆரம்பம்" என்று அவள் கூறியதும், தமிழ்ச் செவிக்கு அது எவ்வளவு பொருத்தமாக ஒலிக்கிறது என்று வீடே சிரித்ததும் நினைவுக்கு வந்தன. அன்றிரவு யாரும் சிரிக்கவில்லை.)

உடனே புறப்பட வேண்டும் என்றார் இல்லத்தரசியார். ஞாயிறு வரை பொறுக்கலாம் என்றோம் நாம். இடைப்பட்ட நாள்களில் அந்த ஒன்பதுகள் நம்மை விடவில்லை. அலுவலகத்தில் இரு பேரேடுகளை ஒப்புநோக்கிக்கொண்டிருந்தபோது ஓர் எண்ணம் எழுந்தது. இரு கணக்குகளுக்கிடையே வேறுபாடு உண்டு என்று குறிப்பெழுதினால், அத்தொகை எவ்வளவு என்றும் எழுதியாக வேண்டும். தொகையில்லாத வேறுபாட்டைத் தணிக்கையாளர் ஏற்கமாட்டார். இங்கே தொகை என்ன? ஆயிரத்தில் ஒரு பங்கு என்போமா? நான்கு ஒன்பதுகள் எழுதிய அளவிலேயே இடைவெளி அதனினும் குறைந்துவிடுகிறது. இலட்சத்தில் ஒரு பங்கு என்றாலும் அதே கதி. எத்தொகையை எழுதினும் அது மிகையாகவே உள்ளது. அப்படியானால் வேறுபாடே இல்லையோ? சிறியது என்று உறுதியாக நம்பிய எண் ஒன்றேதானோ? ஐந்தரை மணிக்குப் பேரேட்டை மூடியபோது, ஏதோ ஒரு கதவு சற்றே திறந்ததுபோல் இருந்தது.

அதனை மகளிடம் கூறிவிட நா துடித்தது. கூறுமுன் அவளே அழைத்தாள். "அப்பா, அந்தச் சிறிதளவு என்று ஒன்று கிடையாது! எந்தச் சிறிதளவைச் சொன்னாலும் ஒன்பதுகள் அதைத் தாண்டிப் போய்விடும். அதுதான் வரையறையில் எழுதியிருக்கிறது. நான் ஒப்பித்தேனே, அதே வாக்கியத்தில்!" அவள் குரலை அவ்வளவு உயர்த்திப் பேசி நாம் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நாமும் நினைவூட்டவில்லை.

முகாம் முடியும் நாளில் அவளை அழைத்துவரச் சென்றபோது அவ்வாசிரியர்களைக் கண்டோம். பேராசிரியர் என்றால் நம் மனத்தில் ஒரு தோற்றம் உண்டல்லவா? அது அங்கு இல்லை. உணவுக்கூடத்தில் மாணவர்களோடு ஒரே வரிசையில் தட்டேந்தி நின்றனர். சட்டைக் கையில் சுண்ணப்பொடி. பகலில் வகுப்பும் பயிற்சியும் முடிந்த பின்னரும் மாணவர்கள் தாளும் கையுமாய் அவர்களைச் சூழ்ந்திருந்தனர். ஒருவர் மரத்தடித் திண்ணையில் அமர்ந்து, ஓர் இளைஞன் எழுதிய நிறுவலை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு வரியின் இறுதியிலும் "ஏன்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் அவ்வொரு சொல்லைத் தவிர வேறு சொல் அவர் வாயிலிருந்து வந்ததாக நினைவில்லை. நம் அலுவலகத்தில் ஒரு கோப்பின் மீது இத்தனை முறை 'ஏன்' எழுதப்பட்டால் அக்கோப்பு ஓய்வுபெறும் வயதை எட்டிவிடும்.

அவரிடமே பின்னர்க் கேட்டோம்: "ஐயா, குழந்தைகள் தவிக்கின்றனவே, விடையைக் கூறிவிட்டால் என்ன?"

அவர் சிரித்தார். "நான்கு வாரத்தில் எவ்வளவு சொல்லிவிட முடியும் சார்? ஊருக்குத் திரும்பியதும் புத்தகத்தோடு தனியாகத்தானே உட்காரப் போகிறார்கள். அங்கே நாங்கள் இருக்கமாட்டோம். அதற்குத்தான் பழக்குகிறோம்." சற்று நேரம் கழித்து, "சொல்லிவிடுவது எங்களுக்கும் சுலபம். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம்" என்றும் கூறினார்.

இவ்விடத்தில் எழுத்தர் புத்தி ஒன்றைக் கூறாமல் இருக்கமுடியவில்லை. 1972ஆம் ஆண்டு மத்தியக் குடிமைப் பணி விடுப்பு விதிகளில் 28ஆம் விதி, விடுமுறையுள்ள துறைகளில் பணியாற்றுவோரைப் பற்றியது. ஆண்டின் விடுமுறை முழுவதையும் நுகர்ந்த ஆசிரியருக்கு அவ்வாண்டிற்கு ஈட்டிய விடுப்பு இல்லை என்பதும், பணியின் பொருட்டு விடுமுறையை நுகர முடியாமற் போனால் அதற்கேற்ற விகிதத்தில் உண்டு என்பதும் முன்பு அதன் சாரமாக இருந்தன. ஆசிரியருக்குக் கோடை என்பது ஊதியத்தின் ஒரு பகுதியே என்று விதியே ஒப்புக்கொண்டதாக நாம் இதனைப் படிக்கிறோம். அக்கோடையைத் தாமே விரும்பி வேறோர் ஊரின் விடுதியில் செலவிடுவோருக்கு எந்த விதியின் எந்த உட்பிரிவு துணை நிற்கும் என்பது அவரவர் நிறுவனத்துக் கோப்பைப் பொறுத்தது. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கலாம். சொந்த ஊருக்குச் சென்று பெற்றோரைப் பார்த்திருக்கலாம். அந்த மே மாதத்தை இருபது வயதுப் பிள்ளைகளின் திக்கலையும் திணறலையும் கேட்பதற்கென்றே ஒதுக்குகின்றனர்.

இம்முறை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஆர்னால்டு ராஸ் என்னும் கணிதப் பேராசிரியர் 1957இல் நோட்ரடேம் பல்கலைக்கழகத்தில் ஒரு கோடைப் பள்ளியைத் தொடங்கினார். 1964 முதல் அது ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எண்கோட்பாட்டை, அவர்களே கண்டறியும் வண்ணம் கற்பிப்பது அதன் நோக்கம். ராஸ் 2002இல் தமது 96ஆம் வயதில் மறைந்தார்; பள்ளி மறையவில்லை. அங்கு மாணவர்களோடு விடுதியில் தங்கி, அவர்கள் எழுதுவதை நாள்தோறும் திருத்தும் இளம் வழிகாட்டிகளில் பலர், முந்தைய கோடைகளில் அங்கேயே மாணவராயிருந்தவர்கள்.

நம்மவரிலும் இத்தகையோர் இல்லாமலில்லை. சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராயிருந்த பி.கே. சீனிவாசன் அவர்களைச் சென்னைவாசிகள் அறிவர். இராமானுசனைப் பற்றிய கடிதங்களையும் நினைவுகளையும் தேடித் திரட்டி 1968இல் நூலாக்கியவர், எம்.டி.டி.எஸ். தொடங்கிய அதே 1993ஆம் ஆண்டில் இராயபுரத்தில் இராமானுசன் அருங்காட்சியகத்தை நிறுவியவர். குழந்தைகள் தாமே செய்து பார்த்துக் கணிதம் கற்கவேண்டும் என்பதில் அவருக்கு இருந்த பிடிவாதம் பெயர்பெற்றது. குமரேசன் அவர்களும் உடன்பணியாளரும் எழுதிய பாடநூல்கள் சிலவற்றை மகள் வாங்கி வைத்திருக்கிறாள். அஜித் குமார் என்பாரோடு அவர் எழுதிய மெய்யெண் பகுப்பாய்வு நூல் 2014இல் வெளிவந்தது. அதனை நாம் புரட்டிப் பார்த்ததுண்டு, பொருள் விளங்கவில்லை, ஆயினும் யாரோ எதிரே அமர்ந்து நம்மைக் கேட்பதுபோன்ற நடை என்பது மட்டும் விளங்கிற்று.

ஊர் திரும்பிய மகளிடம் நாம் கண்ட மாற்றத்தை முதலில் உணர்ந்தது நம் வீடன்று. நம் சங்கத்தின் கோடைத் தமிழ் வகுப்பு. 1960ஆம் ஆண்டு எல்லைச் சீரமைப்பில் திருத்தணி தமிழகத்தோடு சேர, சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது பெரியோர் அறிந்த வரலாறு. வேலூர் சில மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் இருந்தும், நம் பிள்ளைகள் தமிழில் பேருந்துப் பலகையைப் படிக்கத் திணறுகின்றனர். அதற்காகவே இவ்வகுப்பு. ஓய்வுபெற்ற அஞ்சல் அலுவலர் ஒருவரும், இல்லத்தரசியர் இருவரும் ஊதியமின்றிக் கற்பித்து வருகின்றனர். அவர்களில் ஒருவர் ஊருக்குச் சென்றிருந்த வாரத்தில், மகள் அவ்விடத்தில் நின்றாள்.

தெலுங்கு வழியில் பயிலும் குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்தில் ஒரு பெரும் இடர் உண்டு. தெலுங்கில் ககர வரிசையில் நான்கு எழுத்துகள், ஒலிக்கு ஒன்றாக. தமிழிலோ ஒரே 'க'. "அக்கா, இது எந்தக் க?" என்பதே ஓயாத கேள்வி. 'இப்படித்தான் படிக்கவேண்டும், மனப்பாடம் செய்' என்பதே வழக்கமான மறுமொழி. மகள் பலகையில் கடல், தங்கம், பகல், பக்கம் என நான்கு சொற்களை எழுதினாள். குழந்தைகள் பேச்சில் அறிந்த சொற்களே. உரக்கச் சொல்லச் சொன்னாள். "நான்கிலும் ஒரே எழுத்து. உங்கள் நாக்கு மட்டும் ஏன் மாற்றிச் சொல்கிறது? அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று கேட்டுவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்துவிட்டாள்.

முதலில் அமைதி. பிறகு குழந்தைகள் தத்தம் வீட்டுச் சொற்களைக் கொண்டுவந்து கொட்டினர்: கல், கை, சங்கு, மூங்கில், மகன், அழகு, அக்கா, பாக்கு. ஒவ்வொன்றையும் எந்த வரிசையில் எழுதுவது என்று தமக்குள் சண்டையிட்டனர். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன்தான் கண்டான். "அக்கா, முதலில் வந்தால் கெட்டி. ங் பக்கத்தில் வந்தால் வேறே. நடுவில் தனியாக வந்தால் மெத்து. இரண்டு சேர்ந்தால் மறுபடி கெட்டி!" அவனுக்கு அவள் "சரி" என்றும் கூறவில்லை. "த-வுக்கும் அப்படியா? ப-வுக்கும்?" என்றாள். கூட்டம் மீண்டும் சொற்களைத் தேடி ஓடிற்று. எழுத்தைத் தவறாக அமைத்துவிட்ட மொழி என்று அதுவரை தமிழைக் கருதியிருந்த குழந்தைகள், அதற்குள் ஓர் ஒழுங்கு ஒளிந்திருப்பதைத் தாமே பிடித்துவிட்ட களிப்பில் கூச்சலிட்டனர்.

அன்று மாலை, பிள்ளைகளை அழைத்துச் செல்ல வந்த பெற்றோரில் சிலர் மகிழவில்லை. "ஒரு மணி நேரத்தில் ஓர் எழுத்துத்தானா? இப்படிப் போனால் ஆத்திசூடிக்கு எப்போது வருவது?" என்று செயலாளரிடம் முறையிட்டனர். அவர்களை நாம் குறை கூறமாட்டோம். கோடை குறுகியது, பெற்றோரின் அவசரம் பெரியது. அதே அவசரம் நம் வீட்டிலும் இன்றளவும் உண்டு.

ஏனெனில், கதை இன்பமாக முடிந்துவிட்டது என்று கூற நாம் அணியமாக இல்லை. மகள் வங்கித் தேர்வு எழுதவில்லை. முதுகலைக் கணிதம் முடித்தாள். இப்போது ஒரு கல்லூரியில் தொகுப்பூதியத்தில் தற்காலிக விரிவுரையாளர். மைத்துனரின் மகன் அதே காலத்தில் வங்கிப் பணியில் அமர்ந்து, சித்தூரில் மனையும் வாங்கிவிட்டான். உறவினர் வீட்டுத் திருமணங்களில் இவ்வொப்பீடு பந்தி பரிமாறப்படும் முன்பே பரிமாறப்படுகிறது. இல்லத்தரசியார் இரவில் வரன் பட்டியலைப் புரட்டுகையில், "அவளுக்கு நிலையான வேலை என்று எதை எழுதுவது?" என்று கேட்கிறார். நமக்கும் விடை தெரியவில்லை. ஐயம் எழும் நாள்களில் நாம் அவள் அறை வாயிலில் சற்று நிற்பதுண்டு. உள்ளே மாணவி யாரேனும் கைப்பேசியில் ஐயம் கேட்டுக்கொண்டிருப்பாள். நீண்ட மௌனம் கேட்கும். பிறகு மகளின் குரல்: "சரி, ஏன்?"

நம் சங்கத்தின் கோடை வகுப்பில் இப்போது ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் கணக்கும் உண்டு. முறையிட்ட பெற்றோரில் இருவர் தம் பிள்ளைகளை அதற்கும் அனுப்புகின்றனர். அன்று ககரத்தின் ஒழுங்கைக் கண்ட சிறுவன் இன்று பதின்ம வயதை எட்டி, சிறுவர்களுக்குப் பலகை துடைத்தும் தாள் திருத்தியும் துணை நிற்கிறான். சென்ற கோடையில் ஒரு சிறுமி விடை கேட்டு அவனை நச்சரித்தபோது, அவன் இரு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதை நாம் கண்டோம். சங்கக் கூடத்தில் கரும்பலகை ஒன்றுதான் இருக்கிறது. தமிழுக்கும் கணக்கிற்கும் அதனைப் பாதிப் பாதியாகப் பிரித்துப் பயன்படுத்துகின்றனர். இரண்டாவது பலகைக்குச் செயலாளர் ஒப்புதல் அளித்துள்ளார். வரும் மே மாதத்திற்குள் வந்துவிடும் என்கிறார்.